எந்தத் தண்ணி

சாந்தம்மாள் வீட்டில் தண்ணி என்றால் சாராயம். சொம்பு என்றால் தண்ணீர். இது அவள் புருஷன் அர்ச்சுனன் செய்து வைத்த ஏற்பாடு. கல்யாணமான புதிதில், தன் அம்மா காதில் விழக்கூடாதென்று சாராயத்தைத் தண்ணி என்று சொல்லப் பழகினான். மலை முழுக்க ஆண்பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள், அவன் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஒருநாள் சாமை அறுத்துவிட்டு நாக்கு வறண்டு வந்து, "தண்ணி குடுமே" என்றபோது, இவள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் பின்னாலேயே வந்து, "அட, அது இல்லமே. சொம்பு, சொம்பு!" என்று கத்தினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் தண்ணீருக்குச் சொம்பு என்றே பேராகிவிட்டது.

வேறு எதில் ஒழுங்கில்லாவிட்டாலும் இதில் அர்ச்சுனன் ஒழுங்கு தவறியதில்லை. நிற்க முடியாமல் வாசலில் விழுந்து கிடந்த நாட்களில்கூட, "சொம்பு எத்துனு வா" என்றுதான் கேட்பான். "தண்ணிக்குப் போய்ட்டு வர்றேன்" என்றால் அவன் கால் சாராயம் காய்ச்சுகிற ஓடைப்பக்கம்தான் போகும். மகள் அருணா வளர்ந்து, ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போய், அங்கே ஹாஸ்டலில் யாரிடமோ சொம்பு கேட்க, எல்லாரும் சிரித்தார்களாம். வந்து சொல்லிச் சண்டை பிடித்தாள்.

ஜமுனாமரத்தூர் பஸ் இறக்கிவிடுகிற இடத்திலிருந்து மேலே ஏறினால் நெல்லிமேடு. சாமையும் புளியும் உண்டு, கடுக்காய் உண்டு, கரடி தின்றது போக மிச்சம் பலாவும் உண்டு. சாராயம் மட்டும் எந்தப் பஞ்சத்திலும் குறைந்ததில்லை. போலீஸ் வந்து பானைகளை உடைத்துவிட்டுப் போகும். அவர்கள் ஜீப் மலையிறங்கும் முன்பே ஓடைக்கரையில் அடுத்த சாராய ஊறல் போட்டுவிடுவார்கள்.

பொம்பளைகள் சங்கம் ஆரம்பித்தது மாரியம்மன் புண்ணியத்தில். அந்த வருஷத் திருவிழாவில் சாமி தூக்க வேண்டிய ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் முதல்நாளே ஊற்றிக்கொண்டு மட்டையாகிவிட்டார்கள். அலங்காரம் செய்து பல்லக்கில் ஏற்றிய அம்மன் உச்சிவெயில் வரை கோவில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். பூ வாடியது. பொம்பளைகள் பார்த்தார்கள். சாந்தம்மாள்தான் முதலில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பல்லக்குக் கொம்பில் தோள் கொடுத்தாள். எதிர்த்தோள் ஜெயம்மாள். தெரு முழுக்க அம்மனைச் சுமந்துபோய் இறக்கியபோது, இந்தப் பாரத்தைத் தூக்கியவர்கள் இன்னொரு பாரத்தையும் தூக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது.

பேரு மகளிர் மதுவிலக்குச் சங்கம். ஆண்பிள்ளைகள் வைத்த பேரு பொம்பள போலீசு. சாந்தம்மாள் தலைவி, ஜெயம்மாளுக்குப் பதவி எதுவும் கிடையாது, வாய் உண்டு. காட்டில் ஈ மொய்க்கிற இடமும் புளித்த வாடையும் வைத்தே, மண்ணில் புதைத்த ஊறல் பானைகளைக் கண்டுபிடித்துக் கடப்பாரையால் உடைப்பார்கள். குடியை விட நினைக்கிறவனுக்கு அம்மன் சன்னதியில் மஞ்சள் கயிறு கட்டி, வீட்டுக்குள் வைத்துப் பூட்டி, நடுக்கம் அடங்கும்வரை பெண்டாட்டி காவல் இருக்க வேண்டும். ஜெயம்மாள் இதற்கு ஒரு வாய்ப்பாடே வைத்திருந்தாள்: "தண்ணின்னு கேட்டா கதவத் தொறக்காத."

எல்லாம் சரி, தலைவி வீட்டு ஆளே குடிக்கிறானே என்கிற பேச்சுதான் பெரிய பேச்சாக இருந்தது. சந்தையில் சாந்தம்மாள் புளி விற்க உட்கார்ந்திருந்த ஒருநாள், கருப்பன் என்கிற ஊறல்காரன் நாலு பேர் கேட்க, "இன்னா தலைவி, ஊருக்கெல்லாம் கயிறு கட்ற, வூட்ல இருக்கறத எப்போ கட்டுவ?" என்றான். கூட்டம் சிரித்தது. சாந்தம்மாள் தலையைக் குனிந்து புளியை அடுக்கினாள். கொஞ்சம் தள்ளி, உப்புக்கடை ஓரத்தில் அர்ச்சுனன் நின்றுகொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை. அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து கையை நீட்டினான்.

"கட்டுமே."

"இன்னாத்த?"

"கயிறத்தான். உன்ன ஒருத்தன் பேசக் கூடாது."

இதைவிட நல்ல வார்த்தையை அவன் அவளிடம் ஆயுசில் சொன்னதில்லை. கோவிலில் அவளே கயிறு கட்டினாள். ஊரே வந்து பார்த்தது. ஜெயம்மாள் குலவை போட்டாள்.

முதல்நாள் தெம்பாகத்தான் இருந்தான். ஏர்க்கலப்பையைச் செதுக்கினான், கூழ் குடித்தான். அடுத்த நாள் கை நடுங்க ஆரம்பித்தது. குடித்த கூழ் அப்படியே வெளியே வந்தது. வேர்த்துக் கொட்டியது. "சாமி வர்றா மாதிரி கீதுமே" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். சாராயம் இறங்குகிறது, இறங்கும்போது ஆட்டத்தான் செய்யும் என்று ஜெயம்மாள் சொல்லியிருந்தாள்.

அதற்கு மறுநாள் காலையில்தான் அந்தப் பாட்டில் கிடைத்தது. பின்வரிசையில் நாள்பட எடுக்காமல் இருந்த குடத்துக்குள் அவள் சொம்பை விட்டபோது எதிலோ இடித்தது. கையை விட்டுத் துழாவினாள். கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒன்று, கழுத்து வரைக்கும் சாராயத்தோடு, குடத்து அடியில் கல் கட்டி அமுக்கி வைத்திருந்தது.

சாந்தம்மாளுக்கு உச்சந்தலையில் ஏறியது. அம்மன் முன்னால் நீட்டின கையா இது? ஊர் பார்க்கக் கட்டின கயிறா இது?

"இன்னாய்யா இது?"

அவன் கட்டிலில் சுருண்டு கிடந்தான். கண் சிவந்திருந்தது. பாட்டிலைப் பார்த்தான். அடையாளம் தெரிவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. "அது... கயிறு கட்றதுக்கு முன்ன வெச்சதுமே. மறந்தே பூட்டேன்."

அவள் நம்பவில்லை. எந்தப் பொம்பளைதான் நம்புவாள்? பாட்டிலைக் கொண்டுபோய் எருக்குழியில் கவிழ்த்தாள். அதோடு விட்டாளா? கோபம் அடங்கவில்லை. எந்தக் குடத்தில் இன்னும் என்ன இருக்கிறதோ என்று வீட்டிலிருந்த குடம், பானை, அண்டா அத்தனையையும் இழுத்துப்போட்டு வாசலில் கவிழ்த்துக் கொட்டினாள். கவிழ்த்த குடங்களை வெளிச் சுவரோரம் வரிசையாக வைத்தாள். வந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அதற்குள் சங்கத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். மேலோடையில் பெரிய ஊறல் போட்டிருப்பதாகத் துப்பு. ஜெயம்மாள் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு, "வாடி, வெயில் ஏறுது" என்று தெருவில் நின்று கூப்பிட்டாள்.

சாந்தம்மாள் கதவைச் சாத்தப் போனாள். கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"தண்ணி."

அவள் நின்றாள்.

"இன்னா கேட்ட?"

"தண்ணி... கொஞ்சம் தண்ணி குடுமே."

சொம்பு என்று கேட்கவில்லை. அத்தனை வருஷத்துப் பழக்கத்தில் ஒருநாளும் மாறாத அந்த வார்த்தையை அவன் சொல்லவில்லை. தண்ணி என்றான். பாட்டில் அகப்பட்ட பிறகும் கூசாமல் வாய்விட்டுக் கேட்கிறானே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகையை விழுங்கிக்கொண்டு கத்தினாள்.

"செத்தாலும் குடுக்க மாட்டேன்!"

நாதாங்கியைப் போட்டுப் பூட்டினாள். தெருவில் நின்ற ஜெயம்மாளுக்கு அது நன்றாகவே கேட்டது. "அப்டிச் சொல்லுடி என் ராசாத்தி" என்றாள். மற்றவர்களும் கேட்டார்கள். தலைவி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று பேசிக்கொண்டே காட்டுப்பாதையில் ஏறினார்கள்.

அன்றைக்கு வேட்டை நன்றாக வாய்த்தது. ஓடைக்கரை மண்ணைக் கிளறக் கிளறப் பானை வந்துகொண்டே இருந்தது. வெல்லமும் வேலம்பட்டையும் ஊறிப் புளித்து நுரைத்த தண்ணீர், உடைத்த பானைகளிலிருந்து பாறையில் வழிந்து ஓடியது. வழுக்கி அதிலேயே உட்கார்ந்த ஜெயம்மாளைத் தூக்கிவிடுவதற்குள் எல்லாருக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பு. வேலை முடிந்ததும் சுனைக்குப் போனார்கள். சாந்தம்மாள் குனிந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தாள். சுனைத்தண்ணீர் பல்லைக் கூசவைக்கும் குளிர்ச்சி. முகம் கழுவினாள். காலையில் இருந்த கோபம் போய்விட்டது. பாவம், சாயங்காலம் கோழி அடித்து மிளகுக் குழம்பு வைத்துக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

வெயில் சாய்வதற்கு முன்பே திரும்பிவிட்டாள். பூட்டைத் திறந்தாள். கட்டிலில் அவன் இல்லை.

அடுப்படி மூலையில் குடம் வைக்கிற இடத்தில் கிடந்தான். நாள்தோறும் குடங்கள் இருந்து இருந்து அந்த இடம் மட்டும் மண்தரை எப்போதும் ஈரமாக இருக்கும். கட்டிலிலிருந்து அங்கே வரை ஊர்ந்து வந்திருக்கிறான். தரையில் கை இழுத்த தடம் இருந்தது. குப்புறக் கிடந்தவனைப் புரட்டினாள். உதட்டில் மண். பல்லில் மண். நாக்கிலும் மண் ஒட்டியிருந்தது.

அவன் கேட்டது எந்தத் தண்ணி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்தப் பாட்டில் கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது. ஒரு வாய்கூடக் குறையவில்லை. கை ஆடியபோதும், குடல் புரண்டபோதும், எட்டுகிற தூரத்தில் இருந்ததை அவன் தொடவில்லை. மறந்தேபோனான், அவன் சொன்னமாதிரியே.

அவள் போட்ட கூச்சலில் ஊர் கூடியது. மார்பில் அறைந்துகொண்டு அழுதாள். "தண்ணி கேட்டியே என் சாமி! ஒரு வாய் தண்ணி கேட்டியே! நான் குடுக்கலையே! பாவி நான் குடுக்கலையே!"

இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்வாள்? ஆனால் ஊரில் ஒருத்தருக்கும் அது விளங்கவில்லை. வாசலில் நின்ற ஆண்பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். "பாத்தியா, சாகறவன் ஒரு கிளாஸு கேட்டுக்கீறான். ஊத்தினா இன்னா கொறஞ்சா பூடும்? கல்நெஞ்சுக்காரி." பொம்பளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அழுவாதடி. சாகும்போது கேட்டும் நீ குடுக்கல. யாருக்கு வரும் இந்த நெஞ்சுறுதி?" அவள் தலையைத் தலையை ஆட்டினாள். "இல்ல, இல்ல, தண்ணி, தண்ணி" என்றாள். ஜெயம்மாள் அவளைக் கட்டிப்பிடித்து, "தெரியும்டி, தெரியும்" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

குளிப்பாட்டுவதற்குச் சங்கத்துப் பெண்கள் வரிசையாகத் தண்ணீர் எடுத்து வந்தார்கள். அவள் காலையில் சுவரோரம் கவிழ்த்து வைத்த அதே குடங்கள்தான். ஒவ்வொரு குடமாக அவன் தலையில் ஊற்றினார்கள். முகத்தில் வழிந்து, வாயோரம் வழிந்து, மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடியது. சாந்தம்மாள் பார்க்க மாட்டாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அந்தத் தண்ணீரில் ஒரே ஒரு சொம்பு காலையில் இருந்திருந்தால் போதும்.

போதுமா என்பதும் தெரியாது. ஊருக்கு வருகிற நர்ஸம்மா துக்கம் விசாரிக்க வந்தபோது தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "ரொம்ப வருஷம் குடிச்சவங்க திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தும்மா. ஒடம்புல இருக்கற தண்ணியெல்லாம் வத்திப்போகும், வலிப்பு வரும். ஆஸ்பத்திரில வெச்சுத்தான் நிறுத்தணும்." தண்ணீர் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று சாந்தம்மாள் அவளிடம் கேட்கவில்லை. பிழைத்திருப்பானோ மாட்டானோ, அவன் கேட்டான், அவள் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி விஷயத்தை ஜெயம்மாளிடம் சொன்னாள். "நம்ம ஊர்ல எத்தினி பேரு கயிறு கட்டி விட்டாங்க, ஒருத்தரும் சாவல. அவரு ஒடம்பு அப்டி" என்று ஜெயம்மாள் முடித்துவிட்டாள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. அந்தச் சொல் மலையில் பரவியது. சாகும்போது தண்ணி கேட்ட புருஷனுக்கும் கொடுக்காத தலைவி என்று ஊர் ஊராகப் பேர் போயிற்று. சாந்தம்மாளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஜமுனாமரத்தூரில் மகளிர் கூட்டம் போட்டு மேடையில் ஏற்றி, சால்வை போர்த்தினார்கள். ஜெயம்மாள் மைக்கைப் பிடித்து அந்தக் காலையை நடித்தே காட்டினாள். "'தண்ணி குடுமே'ன்னாரு. எங்க தலைவி இன்னா சொல்லிச்சு தெரியுமா? 'செத்தாலும் குடுக்க மாட்டேன்!'" கைதட்டல் ஓயவே இல்லை. சால்வைக்குள் சாந்தம்மாளுக்கு உடம்பு கூசியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாகச் சொன்னாள். "யக்கா, அந்தப் பேச்ச வுட்று. அவரு கேட்டது அந்தத் தண்ணி இல்ல."

"பின்ன எந்தத் தண்ணி?"

"குடிக்கற தண்ணி."

"அதத்தான்டி நானும் சொல்றேன்" என்றாள் ஜெயம்மாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "மனசப் போட்டுக் கொழப்பிக்காத. போனவரு போய்ட்டாரு. நாலு குடும்பமாவது பொழைக்கட்டும்."

சாந்தம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் வாய்க்கு அதைவிட வேறு சொல் இல்லை. தண்ணீர் என்று புத்தகத் தமிழில் எந்தப் பொம்பளை அழுவாள்? அந்த வீட்டில் மட்டும் செல்லுபடியான ஒரு சொல் இருந்தது. அது புரிகிற மகளிடம், உன் அப்பன் கேட்ட சொம்பை நான் கொடுக்கவில்லை என்று எப்படிச் சொல்வாள்? புரிகிற இன்னொருவன் மண்ணுக்குள் போய்விட்டான். கடைசியில் அவனே அதை மறந்து, பிறந்து பேசப் பழகியபோது கேட்ட சொல்லால்தான் கேட்டிருக்கிறான்.

புளி உலுக்குகிற காலம் வந்தது. கீழ்த்தெரு சகுந்தலா வீட்டு வழியாகச் சாந்தம்மாள் புளிச்சாக்கோடு போய்க்கொண்டிருந்தாள். சகுந்தலா பூட்டிய கதவில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் வேடியப்பனுக்கு ஜெயம்மாள்தான் இரண்டு நாளைக்கு முன்னால் கயிறு கட்டினாள். சாந்தம்மாள் இப்போதெல்லாம் கயிறு கட்டப் போவதில்லை.

உள்ளிருந்து குரல் வந்தது. உடைந்த குரல்.

"தண்ணி..."

சாக்கு தலையிலிருந்து நழுவி விழுந்தது.

சகுந்தலா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "காலைலேர்ந்து இதே கூத்துதான் அத்தே. நான் அசையல. நீங்க நின்னாப்பல நிப்பேன்" என்றாள். அவள் முகத்தில் அழுகையோடு ஒரு பெருமையும் இருந்தது. அதைப் பார்த்ததும் சாந்தம்மாள் கையை நீட்டினாள்.

"சாவியக் குடு."

"இன்னாத்தே?"

"கதவத் தொற. தண்ணி குடு அவனுக்கு."

"ஏமாத்துறாரு அத்தே. உள்ள குடம் நெறையாத் தண்ணி கீது. தாகமா இருந்தா ஏந்து மோந்து குடிக்க மாட்டாரா? அவரு கேக்கறது அந்தத் தண்ணி."

"ஏந்திரிக்க முடியாதுடி அவனால!"

சகுந்தலா சாவியை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீங்களே இப்டிச் சொல்றீங்களே. எந்தத் தண்ணின்னு தெரியாம எப்டித்தே குடுக்கறது?"

"தெரியாமத்தான்டி குடுக்கணும்" என்று சாந்தம்மாள் கத்தினாள்.

பிடுங்கிய சாவியால் கதவைத் திறந்து உள்ளே ஓடினாள். வேடியப்பன் பாயில் கிடந்தான். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கண் எங்கேயோ நிலைத்திருந்தது. அவள் சொம்பைக் குடத்தில் முக்கி எடுத்து, அவன் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்து, வாயில் வைத்தாள். பல் சொம்பு விளிம்பில் கடகடவென்று அடித்தது. பாதி அவன் கழுத்தில் வழிந்தது. மீதியை அவன் குடித்தான். மூச்சுவிடாமல் குடித்தான்.

"போன் போடு. ஆஸ்பத்திரிக்கு வண்டி வரச் சொல்லு. சீக்கிரம்" என்றாள் சாந்தம்மாள், தலையைத் திருப்பாமல்.

சகுந்தலா போன் போட்டாள். ஜமுனாமரத்தூரிலிருந்து வண்டி கிளம்புகிறது என்றார்கள். அவள் பாய்க்குப் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். புருஷன் காலிச் சொம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறதைப் பார்த்தாள்.

"தண்ணியத்தானா கேட்டாரு?" என்றாள்.

சாந்தம்மாள் அவன் கழுத்தில் வழிந்த தண்ணீரை முந்தானையால் துடைத்தாள்.

சகுந்தலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். மேடையில் கேட்டது, கைதட்டியது, சாவு வீட்டில் கேட்ட அழுகை எல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. கை தானாக வாய்க்குப் போயிற்று. "அப்போ மாமா அன்னிக்குக் கேட்டது..."

சாந்தம்மாள் சொம்பை அவன் வாயிலிருந்து மெல்ல விடுவித்து, அவளிடம் நீட்டினாள்.

"இதத்தான்டி கேட்டாரு" என்றாள்.

சகுந்தலா அந்தச் சொம்பை வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த மலையில் ஒருத்திக்காவது புரிந்துவிட்டது என்று தெரிந்ததும், சாந்தம்மாள் வேடியப்பன் தலையை மடியில் வைத்தபடியே, வாய்விட்டு அழுதாள். அர்ச்சுனன் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

வேடியப்பன் மறுபடியும் தண்ணி என்றான். சகுந்தலா எழுந்து ஓடிப்போய், குடத்தையே தூக்கிக்கொண்டு வந்தாள்.